முறுக்கு

திருப்பூரில் நூல்காரர் ஒருவரிடம் கோனை நீட்டினால் முதலில் விலை கேட்க மாட்டார். ஒரு முழம் நூலை உருவி, இரண்டு கட்டைவிரலாலும் எதிரெதிராகத் திருகிப் பார்ப்பார். முறுக்கு எவ்வளவு என்று விரல் சொல்லிவிடும். முறுக்குக் குறைந்தால் நூல் மிஷினில் அறுந்துகொண்டே இருக்கும். கூடிப்போனால் துணி ஒரு பக்கமாகச் சாயும். அது அவர்கள் வித்தை. என் வித்தை கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் கேபிள் இழுப்பது.

போன வருஷம் ஒரு பனியன் கம்பெனியின் நூல் குடோனில் ஏணி போட்டு நின்றிருந்தேன். கீழே நூல் மாஸ்டர், எழுபதை ஒட்டிய வயசு, நான் வெட்டிப் போட்ட ஒரு சாண் கேட்-6 துண்டைக் குனிந்து எடுத்தார். மேலுறையை நகத்தால் கீறி உரித்தார். உள்ளே ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு ஜோடி வயர். சட்டைப்பையில் இருந்து, துணியில் இழை எண்ணும் சின்ன லென்ஸை எடுத்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நாலு ஜோடிக்கும் முறுக்கு ஒண்ணுக்கொண்ணு மாறுதுங்களே. மில்லுல தப்புப் பண்ணிப்போட்டாங்களா?"

ஏணியில் இருந்து இறங்கிவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வேலை பழகிய பையன்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருத்தனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் கட்டிய வேலையைப் பிரித்துக் கட்ட நான் பாதி ராத்திரியில் போயிருக்க வேண்டியதில்லை.

மில்லில் தப்பில்லை, வேண்டுமென்றுதான் அப்படி முறுக்கியிருக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஒரு ஜோடியில் இரண்டு வயர். ஒன்றில் என்ன சைகை போகிறதோ அதற்கு நேர் எதிரானது இன்னொன்றில் போகும். இது ஏறினால் அது இறங்கும். அந்தக் கோடியில் இருக்கும் கருவி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். வழியில் டியூப் லைட் சோக், மோட்டார், லிஃப்ட் என்று எத்தனையோ இரைச்சல் வயரில் வந்து ஒட்டும். இரண்டு வயரும் நேராகப் போனால், மோட்டார் பக்கம் இருப்பதில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். முறுக்கிவிட்டால் இந்த வயர் அரை அங்குலம் மோட்டாருக்குப் பக்கம், அடுத்த அரை அங்குலம் அந்த வயர் பக்கம். இரண்டிலும் ஒரே அளவு அழுக்கு. வித்தியாசம் பார்க்கும்போது அழுக்கு அழுக்கோடு கழிந்துபோகும். இது டெலிபோன் காலத்து யுக்தி. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

நாலு ஜோடியும் ஒரே உறைக்குள் நெருக்கியடித்துப் படுத்திருக்கின்றனவே, அவை ஒன்றோடொன்று கிசுகிசுக்காதா? கிசுகிசுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே முறுக்கு என்றால், இந்த ஜோடியின் ஒரு வயரும் அந்த ஜோடியின் ஒரு வயரும் கடைசிவரை பக்கத்திலேயே பயணம் போகும். அதனால்தான் நாலுக்கும் நாலு கணக்கு.

மாஸ்டர் லென்ஸை மடக்கினார். "அப்ப முனையில முறுக்கைப் பிரிச்சீங்கன்னா அத்தனையும் போச்சு?"

அதேதான். சுவரில் இருக்கும் ஐ.ஓ. பாக்ஸிலோ ரேக்கில் இருக்கும் பேட்ச் பேனலிலோ வயரைப் பொருத்தும் இடத்தில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் விதி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் எட்டு வயரையும் நேராக்கி அடுக்கி வைக்க வசதியாக இருக்கும் என்று இரண்டு அங்குலம் பிரித்துப்போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும். செய்யாது என்று சொல்ல மாட்டேன். ரெண்டு மாசம் கழித்து, ஏற்றுமதி பில் போடும் நாள் பார்த்து, "நெட் ஸ்லோவா இருக்குங்க" என்று போன் வரும்.

எட்டு வயரை ஆர்ஜே-45 கனெக்டரில் அடுக்கும் வரிசையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கப் பழகுவோம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கேட்டால் எவனும் சொல்வான். பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரித்து, நடுவில் நீலத்தை உட்கார வைத்திருக்கிறது என்று கேட்டால் முழிப்பான். நடுவில் இருக்கும் நாலாவது, ஐந்தாவது கம்பிகள் பழைய டெலிபோனின் ஜோடிக்கு விட்டுக்கொடுத்த இடம். அதனால் மூன்றும் ஆறும் ஒரு ஜோடியாகிவிட்டது.

இது தெரியாத ஒரு புண்ணியவான், ஒரு கல்லூரி லேபில் நாற்பது சிஸ்டத்துக்கும் ஜோடி ஜோடியாக, பார்க்க லட்சணமாக அடுக்கி கிரிம்ப் பண்ணியிருந்தார். இரண்டு முனையிலும் ஒரே வரிசைதான். இருநூறு ரூபாய் டெஸ்டரை மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு ஒழுங்காக ஓடுகிறது. கம்பி கம்பியோடு சேர்ந்திருக்கிறதா என்பது மட்டும்தான் அந்த டெஸ்டருக்குத் தெரியும். யார் யாரோடு முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. மூன்றிலும் ஆறிலும் போகும் சைகைக்கு வெவ்வேறு ஜோடியின் வயர் அமைந்துவிட்டது. முறுக்கு இருந்தும் இல்லாத கதி. எல்லா வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிஸ்டங்கள் ஓடின. நாற்பது மீட்டர் தள்ளி இருந்தவை விட்டு விட்டு வந்தன. கம்ப்யூட்டரைக் குறை சொல்லி நெட்வொர்க் கார்டை மாற்றினார்கள், விண்டோஸை அழித்துப் போட்டார்கள். நான் போய்ச் செய்த வேலை எல்லா முனையையும் நறுக்கிவிட்டு மறுபடி அடித்ததுதான். இரண்டு நாள் ஆனது, கட்டைவிரல் காய்த்துப்போனது.

அதே டெஸ்டர் வேறொரு விதத்திலும் உதவும், அதனால் ஒரேயடியாக வைய மாட்டேன். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். பழுப்பில் ஒரு வயர் அறுந்திருந்தால், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓட ஆரம்பித்துவிடும். யாருக்கும் தெரியாது. புது ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி வைத்தும் வேகம் கூடவில்லை என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது ஏழும் எட்டும்.

இனி ஆறரை மணிப் பேய்க் கதை. ஊருக்கு வெளியே ஒரு டையிங் குடோன். மதில் மேல் ஆறு கேமரா. தினம் சாயங்காலம் ஆறரை வாக்கில் இரண்டு கேமரா அணையும், வரும், மறுபடி அணையும். விடிந்தால் சரியாகிவிடும். செக்யூரிட்டி அண்ணன் அந்த மூலையில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். இந்த வகைக் கேமராவுக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் தனியாகக் கரண்ட் கொடுப்பதில்லை. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. 2003-ல் வந்த தரப்படி ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரை தரும். 2009-ல் அது 30 ஆனது. பகலில் கேமராவுக்குக் கொஞ்சம் போதும். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு எல்இடிகள் எரிய ஆரம்பித்து, தேவை சட்டென்று ஏறும். அந்த நேரம் பார்த்து வயர் வழியிலேயே வோல்டேஜ் விழுந்து, கேமரா செத்துப் பிழைக்கிறது.

வயர் ஏன் அப்படி என்று கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். நம் ஊரில் கம்ப்யூட்டர் கடை எதிலும் கிடைக்கும், பாதி விலைக்கு. டப்பாவில் கேட்-6 என்றுதான் அச்சடித்திருக்கும். அசல் செம்பைவிட அலுமினியத்துக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கம்பியை நாலைந்து தடவை இப்படியும் அப்படியும் மடித்தால் முறிந்துவிடும். 305 மீட்டர் பாக்ஸைத் தூக்கினாலே தெரியும். செம்பு கனக்கும், இது கையில் வரும். ஓனர் கேட்டார், "கேமரா நல்ல கம்பெனிதானுங்களே?" கேமரா நல்ல கம்பெனிதான். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு எல்லோரும் நல்லதாகத்தான் பார்க்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போவதற்குத்தான் பேரம்.

எலுமிச்சம்பழத்தை நான் அவிழ்க்கவில்லை. வயரை மட்டும் மாற்றினேன்.

தூரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செம்பு வயரில் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு மொத்தம் 100 மீட்டர். சுவருக்குள் போகும் நிலையான கேபிள் 90, இரண்டு பக்கமும் மாட்டும் குட்டை வயரான பேட்ச் கார்டுக்கும் சேர்த்து 10. ஆபீசில் இருந்து கேட் வரை நடந்து பார்த்து 70 மீட்டர்தான் என்பார்கள். கேபிள் நடந்து போவதில்லை. சுவர் ஏறி, பீம் சுற்றி, மறுபடி இறங்கிப் போகும். 70 என்பது 95 ஆகிவிடும். மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. இரண்டு முனையின் எண்ணையும் கழித்தால் நீளம் தெரிந்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் போவதென்றால் தூரம் குறைவாக இருந்தாலும் கண்ணாடி இழைக் கேபிள்தான் போடச் சொல்வேன். ஐப்பசி இடியில் ஒரே ராத்திரியில் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் போர்ட் போர்ட்டாகக் கருகியதைப் பார்த்தவன் நான். கண்ணாடியில் மின்சாரம் ஏறாது.

நான் தொழிலுக்கு வந்த 1999-ல் முறுக்கு வயர் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு பிரவுசிங் சென்டரில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே கேபிள் டிவி வயர் போலக் கறுப்பு வயர் ஒன்று, எட்டுக் கம்ப்யூட்டரின் முதுகிலும் டி வடிவக் கனெக்டரில் கோத்துக்கொண்டு போகும். இரண்டு கோடியிலும் டெர்மினேட்டர் என்று 50 ஓம் மூடி ஒன்று திருகியிருக்க வேண்டும். யாராவது காலை நீட்டி ஒரு டி-யைத் தட்டிவிட்டால் எட்டும் அம்பேல். எங்கே விட்டது என்று ஒவ்வொரு மேஜைக்கும் கீழே தவழ்ந்து போய்ப் பார்ப்பேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் காசு வாங்கும் கல்லாவில் உட்கார்ந்தபடி "மூணாம் நம்பர் பாருடா" என்பார். பெரும்பாலும் மூணாம் நம்பராகவே இருக்கும். அங்கேதான் காதலர்கள் உட்காருவார்கள்.

ஒரே வயரை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் ஈதர்நெட் என்ற இணைப்பு முறையின் பிறவிக் குணம். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பாப் மெட்காஃப் 1973 மே மாதம் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைக் கட்டியும் காட்டினார். வேகம் 2.94 எம்பிபிஎஸ். பேச வேண்டியவன் வயரில் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பான், இல்லையென்றால் பேசுவான், இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொண்டால் இருவரும் நிறுத்தி, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆளுக்கொரு நேரம் பொறுத்து மறுபடி பேசுவார்கள். பந்தியில் ஒரே சாம்பார் வாளிக்கு எல்லோரும் கை நீட்டுவது மாதிரி. பத்துப் பேருக்கு ஓடும், அறுபது பேருக்குத் தள்ளுமுள்ளு.

1990-ல் முறுக்கு வயருக்கான 10 எம்பிபிஎஸ் தரம் வந்தபோது, எல்லா வயரும் நடுவில் ஒரு பெட்டிக்கு வந்து சேரும் நட்சத்திர அமைப்பு நிலைத்தது. ஒருத்தர் காலில் தட்டினால் ஒருத்தருக்கு மட்டும் போகும். அது எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்த பிறகு என்னைப் போன்றவர்கள் தவழ்வது நின்றது. ஆனால் நடுவில் இருந்த பெட்டி ஹப். அதற்கு மூளை கிடையாது. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளையிலும் கொட்டும். வயர் பிரிந்தாலும் வாளி ஒன்றுதான்.

அதே வருஷம் அமெரிக்காவில் ஒரு சின்ன கம்பெனி, ஏழு துளை வைத்த ஒரு பெட்டியை விற்க ஆரம்பித்தது. அதுதான் முதல் ஈதர்நெட் ஸ்விட்ச். கம்பெனியின் பெயர் கல்பனா. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். தன் மனைவியின் பெயரை வைத்தார். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. இன்று உலகத்து ரேக்குகளில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச்களுக்கெல்லாம் ஒரு கல்பனா அக்கா மூத்தவர் என்று பையன்களிடம் சொல்வேன். நம்ப மாட்டார்கள்.

ஸ்விட்சுக்கு என்ன மூளை? பல்லடம் ரோட்டில் ஒரு லாட்ஜ், அங்கே புதிதாகச் சேர்ந்த ரூம் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரூமில் யார் என்று யாரும் அவனுக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. 12-ஆம் நம்பர் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்து, "குமரேசன் அனுப்பினேன்னு சொல்லி இதை ராஜாமணிகிட்டக் குடு" என்கிறார். பையன் முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்கிறான்: குமரேசன் என்றால் 12. ராஜாமணி யார் என்று தெரியாது. அதனால் மற்ற எல்லாக் கதவையும் தட்டுகிறான். ஒருவர் மட்டும் வாங்கிக்கொண்டு பதில் எழுதிக் கொடுக்கிறார். அதையும் குறித்துக்கொள்கிறான்: ராஜாமணி 7. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன போனாலும் வேறு கதவைத் தட்டுவதே இல்லை. ஸ்விட்சும் இதைத்தான் செய்கிறது. பெயருக்குப் பதில், ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் தொழிற்சாலையிலேயே பொறித்த 12 இலக்க மேக் முகவரி. அதில் முதல் ஆறு செய்தவர் யார் என்று சொல்லும். பெறுநரைப் பார்த்து அனுப்புகிறது, அனுப்புநரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. வழக்கமாக ஐந்து நிமிஷம் சத்தமே இல்லையென்றால், ரூம் காலி போல என்று பெயரை அழித்துவிடும். சிஸ்டத்தை வேறு மேஜைக்கு மாற்றினாலும் அது தானே கண்டுபிடித்துக்கொள்வது இப்படித்தான். குமரேசனும் ராஜாமணியும் பேசும் அதே நேரத்தில் 3-ம் 9-ம் பேசலாம். வாளி ஒன்றல்ல, ஆளுக்கொன்று.

ஆனால் சில சேதிகள் எல்லோருக்குமானவை. புதிதாக ஆன் செய்த பிரிண்டர் "இங்கே எனக்கு முகவரி தர யார் இருக்கிறீர்கள்?" என்று ஊருக்கே கூவும். அதை ஸ்விட்ச் எல்லாக் கதவுக்கும் சொல்லியாக வேண்டும். வில்லங்கம் இங்கேதான்.

இதே கம்பெனி, அந்த நூல் மாஸ்டர் இருக்கும் கம்பெனிதான். மார்ச் கடைசி. மதியம் மூன்று மணிக்குப் போன்: "எல்லாம் நின்னுபோச்சுங்க. பில்லிங், பார்கோடு, கைரேகை மிஷின், ஒண்ணும் ஓடல." போய் ரேக்கைத் திறந்தேன். மற்ற நாளில் ஸ்விட்ச் விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கும். அன்றைக்கு இருபத்துநாலும் ஒரே தாளத்தில், பேய் பிடித்த மாதிரி படபடத்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கேயோ வளையம்.

வளையம் என்றால் என்ன? பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒன்று, மாமா குடும்ப குரூப் ஒன்று. இரண்டிலும் இருக்கும் ஒருவர் இங்கே வந்ததை அங்கே தள்ளுவார். இன்னொருவர் அங்கே வந்ததை இங்கே தள்ளுவார். இருவருக்கும் அலுப்பே கிடையாது. ஒரு காலை வணக்கம் போட்டால் போதும், போன் சூடாகிவிடும். ஈதர்நெட் சேதியில் "இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே" என்று எழுத இடமே வைக்கவில்லை. ஒரு கூவல் வளையத்தில் புகுந்தால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுற்றி, வேறு எதற்கும் வழிவிடாது.

இதற்கு மருந்து 1985-லேயே வந்துவிட்டது. டெக் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். ஸ்விட்ச்கள் தங்களுக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, அவரை வேராக வைத்து மரம் போல வழி அமைத்து, வளையம் உண்டாக்கும் கூடுதல் வழியை அடைத்து வைக்கும். நல்ல வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். இதை விளக்கி அவர் ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார். கணக்குப் போடுகிறவர் கவிதையும் எழுதினால் எனக்குத் தனி மரியாதை. மருந்துக்கும் அளவு உண்டு. பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியில், துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க் ஸ்பானிங் ட்ரீ தாங்கும் எல்லையைத் தாண்டி, 2002 நவம்பரில் நாலு நாள் படுத்துவிட்டது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள்.

எங்கள் கதையில் அவ்வளவு பெரிய காரணம் இல்லை. மருந்து இருக்கும் ஸ்விட்ச் ரேக்கில்தான் இருந்தது. ஆனால் பேக்கிங் ஹாலில் துளை பத்தாமல் யாரோ ஒரு எட்டுப் போர்ட் சின்ன ஸ்விட்சை மேஜைக்கடியில் வைத்திருந்தார்கள். அந்தச் சின்னப் பெட்டிக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. அதன் இரண்டு துளைகளுக்கு நடுவில் ஒரே பேட்ச் கார்டு, மாலை மாதிரி மாட்டியிருந்தது. உருவினேன். அரை நிமிஷத்தில் கம்பெனி உயிர் பெற்றது.

மேனேஜர் ஆளைத் தேடிப் பிடிக்கக் கிளம்பினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஹாலைக் கூட்டும் அக்கா துடைப்பத்தோடு அங்கேயே நின்றிருந்தார். "நாந்தானுங்க. ஒரு முனை மாட்டியிருந்துச்சு, ஒரு முனை கீழ தொங்கிட்டுக் கெடந்துச்சு. கூட்டறப்ப தண்ணி பட்டுருமேன்னு பக்கத்து ஓட்டையில எடுத்து மாட்டி வெச்சனுங்க."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். ஒரு முனை மாட்டியபடி கார்டைத் தொங்கவிட்டது போன வாரம் என் பையன் செய்த வேலை. பிரிண்டரை இடம் மாற்றியவன் பழைய கார்டை உருவாமல் வந்துவிட்டான். அன்றைக்கே சின்ன ஸ்விட்சைத் தூக்கிவிட்டு, ரேக்கில் இருந்து நாலு கேபிள் தனியாக இழுப்பதாக ஒத்துக்கொண்டேன். இரண்டு கேபிளுக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த மாசம் வேலையை முடிக்கப் போனபோது, ஹாலில் பழைய கார்டு ஒன்று இன்னும் ஓர் ஐ.ஓ. பாக்ஸில் இருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வெற்று முனையில் கட்டிங் வேஸ்ட் துணி, மஞ்சள் நிறம், இறுக்கமாகச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டியிருந்தது. துணி நாடாவாக முறுக்கியிருந்தது. கூட்டும் அக்கா தூரத்தில் இருந்தே கையைக் காட்டி, "தொடாதீங்க, அது கம்ப்யூட்டர்காரரு வந்து கேட்டுட்டுத்தான் மாட்டோணும்" என்றார், என்னைப் பார்த்து. நான்தான் அது என்று அவருக்கு ஞாபகமில்லை.